பதினேழு நாள் ரியாக்ஷன்

அவனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. டைல்ஸ் வேலைக்கு வந்த முதல் வருஷமே அது தொலைந்துபோனது. எந்நேரமும் கையில் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததால் எல்லோருக்கும் அவன் 'மட்டம்' ஆகிவிட்டான். மஞ்சள் சட்டத்துக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை நேர், ஒதுங்கினால் கோணல். மற்றவர்கள் நாலு டைலுக்கு ஒருமுறை வைத்துப் பார்ப்பார்கள், இவன் ஒவ்வொரு டைலுக்கும் வைப்பான். "என்ன மட்டம், நாளைக்கு வேலைக்கு மட்டமா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷமாக அதே ஜோக். அவனும் பன்னிரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தரையில் அரை நூல் ஏற்றத்தாழ்வைப் பொறுக்காத மனுஷன், வாயைத் திறந்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் புழுவாக நெளிவான். பெண் பார்க்கப் போன அன்று வருங்கால மாமியார், "சர்க்கரை தூக்கலா போடட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இவனுக்கு டீயில் சர்க்கரையே ஆகாது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தான். கல்யாணமாகி அஞ்சு வருஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, பாகு மாதிரியான டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். கொடுமை என்றால் இதுதான் கொடுமை, ஆனால் யாரைக் குற்றம் சொல்வது?

வீடு ஒரு மாடியின் பின்பக்கம். ரெண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு நீளமான பால்கனி. மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, விட்டுப்போன தையலையும் தொங்கும் நூலையும் கண்டுபிடிப்பது. கண் கூர்மை, பேச்சு குறைவு. அந்தக் குறையை அவள் அம்மா ஈடுகட்டினார். அத்தை வாயைத் திறந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். நல்ல மனசு, ஆனால் ஊருக்கே கேட்கும் மனசு. அஞ்சு வருஷம் காத்திருந்து மகள் உண்டானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர்களோடேயே தங்கிவிட்டார்.

அத்தைக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான், ஊசி. அவர் கணவர் சாதாரணக் காய்ச்சலுக்கு எங்கோ ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூச்சு முட்டி விழுந்தார். எழவே இல்லை. "ரியாக்ஷன்" என்று மட்டும் சொன்னார்கள். அத்தைக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் அவரை நடுங்க வைப்பது அந்த ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம்ம ஆள் மாட்டிக்கொண்டது இந்த வார்த்தையில்தான்.

கர்ப்பத்துக்குப் பதினெட்டு வாரம் ஆனபோது டாக்டரம்மா மனைவிக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்தார். திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், முழங்கை வரை சிமெண்டோடு மட்டம்தான் ரிப்போர்ட்டை வாங்கப் போனான். லேபில் இருந்த பெண் கவரை நாலு இடத்தில் பின் அடித்துக் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டிடுங்கண்ணே," என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. சின்ன ஆஸ்பத்திரிதான், பத்துப் படுக்கை. டாக்டரம்மா கவரைப் பிரித்துப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார், அவனை உட்காரச் சொன்னார்.

"உங்க மனைவி ரத்தத்துல சிபிலிஸ்னு ஒரு நோய் தெரியுது. உடலுறவு மூலமா ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் போற நோய். சந்தேகத்துக்கு ரெண்டாவது டெஸ்ட்டும் போட்டாச்சு, அதுலயும் இருக்கு. நேராவே கேக்கறேன், உங்களுக்கு அந்த இடத்துல எப்பவாவது புண் வந்துச்சா? வலிக்காத புண்?"

வந்தது. போன வருஷம், தொலைவில் ஒரு ஊரில், இருபது மாடிக் கட்டிடத்துக்கு அஞ்சு மாத வேலை. தரை போட்டு முடித்த அறைகளை ஆசிட் ஊற்றிக் கழுவ வந்தவளோடு அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. பெரிய காதலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ரெண்டு பேரும் வீட்டை விட்டுத் தூரமாக இருந்தார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்துப் பட்டாணி அளவுக்கு ஒரு புண் வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. ஒரு மாதத்தில் வந்த வழியே போய்விட்டது. தொல்லை விட்டது என்று நினைத்தான். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புக் காசு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. கூட வேலை செய்யும், டைல் வெட்டும் கட்டர்காரன் பார்த்துவிட்டு, "சிமெண்ட் கடிச்சிருக்குடா, எண்ணெய் தேய்," என்றான். தேய்த்தான். அதுவும் போய்விட்டது. சிமெண்ட் கடித்தால் அரித்து உயிரை எடுக்கும் என்பது இந்த வேலையில் இருக்கும் எவனுக்கும் தெரியும். இது அரிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷ அனுபவம், ஆனால் அந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவில்லை. ஏற வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ.

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். டாக்டரம்மாவுக்கு அதுவே பதிலாக இருந்தது.

"புண் ஆறிட்டா நோய் போயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. போகாது. உள்ள போய் உக்காந்துக்கும், வருஷக்கணக்குல சத்தமே இருக்காது. அதோட நீங்க அவங்ககூட இருந்திருக்கீங்க, அவங்களுக்கும் போயிருக்கு. அவங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது."

"கொழந்தைக்கு?"

"ரத்தம் வழியா கொழந்தைக்கும் போகும். அப்படியே விட்டா வயித்துலயே இறந்துடலாம். இல்ல எலும்பு, கண்ணு, காதுன்னு பாதிப்போட பிறக்கலாம். அழாதீங்க, முழுசா கேளுங்க. இதுக்கு மருந்து இருக்கு. பென்சிலின் ஊசி. பழைய மருந்து, இன்னைக்கும் நல்லா கேக்குது. வாரம் ஒரு தடவைன்னு மூணு வாரம். அம்மாவுக்குப் போட்டா வயித்துல இருக்கறதுக்கும் சேர்ந்து போகும். ஆனா சீக்கிரம் போடணும். ஒவ்வொரு நாளும் கணக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

கடைசியாக டாக்டரம்மா கேட்டார், "இதை அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிடறேன் டாக்டர்."

என்ன வீறாப்பு பாருங்கள்! டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாதவன், இதைச் சொல்லப்போகிறானாம்.

அங்கேயே அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முன்கையில் கொசுக்கடி மாதிரி ஒரு சோதனை ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தடிப்பு எதுவும் வரவில்லை. அப்புறம் இடுப்புக்குக் கீழே ரெண்டு பக்கமும் கெட்டியான மருந்து இறங்கியது. அப்பப்பா, சிமெண்டையே கரைத்து ஏற்றியது மாதிரி இருந்தது. "ரெண்டு பேருக்கும் முடியற வரைக்கும் தள்ளிப் படுங்க," என்றார் ஊசி அறை சிஸ்டர். "அந்த இன்னொருத்தர் யாரோ, அவங்களுக்கும் தகவல் சொல்லுங்க. பாவம், அவங்களும் யார்கிட்டருந்தோ வாங்கினவங்கதான்." அவளுடைய போன் நம்பர்கூட அவனிடம் இல்லை.

வீட்டுப் படி ஏறும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினான். முதலில் அவளைப் பால்கனிக்குக் கூப்பிட வேண்டும். அப்புறம், "ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பிக்க வேண்டும். கதவைத் திறந்தால் ரெண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவி கையை நீட்டிக் கவரை வாங்கினாள். இவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளேயிருந்த தாள் அவள் மடியில் விரிந்துவிட்டது. விட்டுப்போன தையலைத் தேடும் கண்ணல்லவா, நேராக அந்த ஒற்றை வரியில் போய் நின்றது. மற்ற வரிகளில் எல்லாம் எண்கள் இருந்தன. அதில் மட்டும்தான் எழுத்து, நோய் இருக்கிறது என்பதற்கு லேப்காரர்கள் போடும் வார்த்தை.

"ரி... யாக்... டிவ்," என்று எழுத்துக் கூட்டினாள். "அப்படின்னா என்னங்க?"

"ரியாக்ஷனா?" என்று அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார். "அய்யோ, எம்பொண்ணுக்கும் ஊசி ரியாக்ஷனா? சொல்லுங்க மாப்பிள்ளை, ஊசி ஒத்துக்காதுன்னு போட்டிருக்கா?"

அந்த நேரத்தில் அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு 'இல்லை'. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப என்ன?" என்று வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து, பாவி, தலையை ஆட்டிவிட்டான்.

அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது. அத்தை ஒப்பாரி வைத்து முடித்து, கண்ணைத் துடைத்து, பேனாவைத் தேடி எடுத்து, கர்ப்பிணி அட்டையின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஊசி ரியாக்ஷன். போடக் கூடாது.' ஒரு தடவை எழுதியதில் திருப்தி இல்லாமல் எழுத்தின் மேலேயே மறுபடியும் பேனாவை ஓட்டினார். கீழ்வீட்டுக்குச் சொன்னார், எதிர்வீட்டுக்குச் சொன்னார், மகளின் கம்பெனி சூப்பர்வைசருக்கும் போன் போட்டுச் சொன்னார். அந்தத் தெருவில் அந்த விஷயம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. உண்மை தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் காலை இழுத்து இழுத்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள், "சத்து ஊசி போடணுமாம்," என்று சொல்லி மனைவியைக் கிளப்பினான். அவளுக்கு எதுவும் தெரியாமலே ஊசி இறங்கிவிட்டால் போதும் என்பது அவன் திட்டம். நல்ல திட்டம்தான், அத்தை என்று ஒருத்தர் இல்லாதிருந்தால். அத்தை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே வந்தார். ஊசி அறை சிஸ்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"ரிப்போர்ட்லயே ரியாக்ஷன்னு வந்திருக்கும்மா! அவங்கப்பா ஊசியிலதான் போனாரு. பாருங்க, எழுதியே வச்சிருக்கேன்!"

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார், எடுத்த ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க. அவங்க வந்து சொல்லாம நான் போட மாட்டேன். உக்காருங்க."

உட்காருவதாவது! "எழுதியிருக்கறதப் பாத்தும் போடப் பாக்கறாங்களே!" என்று அத்தை மகளை ஒரு கையாலும் மருமகனை மறு கையாலும் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அவன் இழுபட்டுக்கொண்டு வந்தான். திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது நரகம். அட்டையில் இருந்தது அவன் நம்பர் மட்டும்தான், ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனெல்லாம் அவனுக்கே வந்தது. வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்த நம்பரை 'டைல்ஸ் கடை' என்று பதிந்துவைத்தான். சாப்பிடும்போது அடிக்கும். "ஏங்க, டைல்ஸ் கடைலருந்து கூப்பிடறாங்க, எடுங்களேன். அவசரமா இருக்கப்போகுது," என்பாள் மனைவி. "அவனுக்கு வேற வேலையில்ல," என்று இவன் போனைக் கவிழ்த்து வைப்பான். தனக்கு மிச்சமிருந்த ஊசிக்குக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லிப் பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அதற்கும் அத்தை மூன்று வேளையும் வைத்தியம் சொன்னார்.

ஒரு நாள் தைரியமாக வேறு தெருவிலிருந்த மருந்துக்கடைக்குப் போனான். ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே முடியுமா என்று கேட்டான். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு. மாசமா இருக்காங்க."

"மாசமா இருக்கறவங்களுக்கு மாத்திரையெல்லாம் சரிப்படாது தம்பி. ஊசி ஒண்ணுதான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, தெரிஞ்சவங்கள." அந்தக் கடைசி வார்த்தையை அவர் இழுத்த இழுப்பில் இவன் விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டான்.

வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு குளியலறைக்கு வாட்டத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டான். தண்ணீர் துவாரத்தை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஓடியது. கட்டர்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மட்டமே மட்டம் தவறிட்டான்டா!" முந்தின நாள் ஒட்டிய டைலை எல்லாம் உளியால் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. முட்டி போட்டுக்கொண்டு பெயர்க்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. ஒவ்வொரு நாளும் கணக்கு என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. எட்டு நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கடைக்குப் போயிருந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவன் பக்கத்தில் போய் நின்று, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றும் சொல்லிவிட்டான். உண்மையாகவே சொன்னான், நானே ஆச்சரியப்படுகிறேன்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "இருங்க இருங்க, நான் முதல்ல சொல்றேன். இப்ப அசைஞ்சுதுங்க! மீன் துள்ளின மாதிரி. கையக் குடுங்க." அவன் கையை இழுத்து ஈரக் கையோடு வயிற்றில் வைத்துக்கொண்டாள். "தெரியுதா? ம்? ஒண்ணும் தெரியலையா? உங்களுக்குக் கை காய்ச்சுப் போச்சு." சிரித்தாள். "சரி, என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. சோப்பு தீந்துபோச்சு, அதான்."

அட நாசமாய்ப் போகிறவனே! அவனும் மனதுக்குள் அப்படித்தான் திட்டிக்கொண்டான். ஒரு நாள் தள்ளிப் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தப்பு. இப்போது அதோடு பொய், பொய்யோடு வீணான நாள்கள். இனிமேல் எதைச் சொன்னாலும், "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை, காலையில் மனைவி சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ரெண்டு நாளா அசைவே இல்லங்க."

ரசமட்டமும் பையும் போட்ட இடத்தில் கிடக்க, ஆட்டோவைக் கூப்பிட்டு, ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வழியெல்லாம் அத்தை அழுதார். அவன் அழவில்லை, வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தான். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். இடமும் வலமுமாக நகர்த்தினார். அப்புறம் டக் டக் டக் என்று அறை முழுக்கச் சத்தம் கேட்டது.

"இதயம் நல்லா துடிக்குது. இந்த வாரத்துல சில நாள் அசைவு தெரியும், சில நாள் தெரியாது. பயப்பட வேண்டாம்," என்றார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே மட்டத்தைப் பார்த்தார், பார்வையில் கோபம் இருந்தது. "பதினேழு நாளா போன் பண்றோம். இன்னைக்கு ஊசி போட்டே ஆகணும்."

"ஊசியா? ரியாக்ஷன் இருக்குன்னு சிஸ்டர்கிட்டயே சொன்னேனே!" என்று அத்தை அட்டையை நீட்டினார்.

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். "இது யார் எழுதினது?"

"நான்தான். மாப்பிள்ளைதான் சொன்னாரு, ரிப்போர்ட்ல போட்டிருக்குன்னு."

"நிஜமாவே பென்சிலின் ஒத்துக்காதுன்னா பெரிய ஆஸ்பத்திரில சேர்த்து, சொட்டுச் சொட்டா குடுத்துப் பழக்கித்தான் போடணும். அதுக்கு இன்னும் ஒரு வாரம் போயிடும். அந்த ஒரு வாரம் நம்மகிட்ட இல்ல." டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. இவங்களுக்கு ரியாக்ஷன் இருக்கா?"

"இல்ல," என்றான் அவன்.

"இல்லையா?" அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப ரிப்போர்ட்ல என்னதான் இருக்கு?"

டாக்டரம்மா மனைவியிடம், "உங்ககிட்ட தனியா பேசணும்மா," என்றார். அவள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா இருக்கட்டும் டாக்டர். எதுவா இருந்தாலும் சொல்லுங்க," என்றாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். நோயின் பெயர், அது எப்படிப் பரவும், குழந்தைக்கு என்ன ஆகும், ஊசி போட்டால் எப்படிச் சரியாகும், குழந்தை பிறந்ததும் அதற்கும் ரத்தம் பார்ப்பார்கள் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அத்தைக்கு ஒரு வார்த்தைதான் காதில் ஏறியது. "பால்வினை நோயா? மேகப்புண்ணா?" மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடிப்பாவி! எங்கடி போன? எவன்டி அவன்? மாப்பிள்ளை வெளியூர்ல கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தப்ப நீ என்னடி பண்ணின?"

"அம்மா, சத்தம் போடாதீங்க!" என்றார் டாக்டரம்மா. மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோ பாருங்கள், அந்தப் பதினேழு நாளில் அவனுக்கு ஒரு கதவு திறந்தது இங்கேதான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் ரத்த ரிப்போர்ட் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் பேசாமல் நின்றால் போதும். ஊசியும் இறங்கிவிடும், குழந்தையும் பிழைத்துவிடும், பழியும் அவள் தலையோடு போய்விடும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவனை மிஞ்ச ஆளே கிடையாது.

மனைவி அவனைப் பார்த்தாள். சந்தேகப் பார்வை இல்லை. நம்பி, சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை.

"ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் எங்கயும் போகல. கம்பெனி விட்டா வீடு, வீடு விட்டா கம்பெனி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "நீ எங்கயும் போகல. நான்தான் போனேன். எங்கிட்டருந்துதான் உனக்கு வந்துச்சு. அவள விடுங்க அத்தை. ரியாக்ஷன்னு சொன்னதும் பொய்."

அத்தையின் கை மகளின் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. அந்த அம்மா வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சற்று நின்றார். அப்புறம், தான் பிடித்து உலுக்கிய தோளை ரெண்டு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டர் மனைவியின் முன்கையில் சோதனை ஊசி போட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி அறைக்கு வெளியே மர பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்காரவும் துணியாமல் தள்ளிப் போகவும் முடியாமல் சுவரோரம் நின்றான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தன் கையிலிருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையைத் தூக்காமலே கேட்டாள். "உங்களுக்கும் இந்த ஊசி போடணும் இல்ல?"

"ம்."

"போட்டாச்சா?"

இன்னும் போடவில்லை, உன்னோடு சேர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனுக்கே அது தெரிந்தது. விழுங்கினான்.

"போட்டாச்சு."

"எப்ப?"

"ரிப்போர்ட் வாங்கின அன்னைக்கே."

அவள் இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீங்க யார்கிட்ட போனீங்கன்னு நான் அப்புறமா அழுதுக்கறேன். அதுக்கு எனக்கு நாள் கெடக்கு." குரல் உயரவில்லை. "இந்த மருந்து இல்லன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குப் போட்டுக்கிட்டு வந்துட்டீங்க. எங்க ரெண்டு பேரையும் பதினேழு நாள் சும்மா பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள்.

சிஸ்டர் வந்து வட்டத்தைத் தடவிப் பார்த்தார். "தடிப்பு இல்ல. உள்ள வாங்கம்மா. கொஞ்சம் வலிக்கும். வீட்டுக்காரர் வந்து கையப் பிடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர். எங்கம்மாவ வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சிஸ்டர் அவனைப் பார்த்துத் தலையை வாசல் பக்கம் அசைத்தார். அவன் நடந்து போய்ப் படிக்கட்டுக்கு மேலே நின்றான். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தை, உங்கள உள்ள கூப்பிடறா," என்றான்.

அத்தை கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். அவன் ஒதுங்கி வழி விட்டான். அவர் உள்ளே போனதும் ஊசி அறைக் கதவு சாத்திக்கொண்டது, அவன் வெளியே நின்றுகொண்டிருந்தான்.